கன்னியாகுமரி போகவே இல்ல

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வழக்கமா நான் ஏதாவது ஒரு டெக் விஷயத்தை எடுத்து வெச்சுக்கிட்டு முப்பது நிமிஷம் மொக்கை போடுவேன். இன்னிக்கு அது கிடையாது. இந்த சம்மர்ல நாங்க நாலு பேர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு டிரிப் போனோம். அதைப் பத்தித்தான் பேசப்போறேன். சாப்பாடு நிறைய வரும், பசியோட கேக்காதீங்க. நடுவுல வேற ஒரு விஷயமும் வரும். உண்மையைச் சொன்னா அதுக்காகத்தான் இந்த எபிசோடே.

முதல்ல ஆளுங்க. நாலு பேரும் இன்ஜினியரிங் காலேஜ்ல ஒரே ஹாஸ்டல் ரூம். 'பேரைச் சொன்னா மண்டையை உடைப்போம்'னு கண்டிஷன் போட்டிருக்காங்க. பரவாயில்ல, ஹாஸ்டல்ல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, ஊர் பேர்தான். தூத்துக்குடிக்காரன் டூட்டி. அடுத்தவன் கரூர். மூணாவது ஆள் சேலம். நான் மெட்ராஸ். நாலு பேரும் ஐடிதான். டூட்டியும் நானும் சென்னையில, கரூர் கோயம்புத்தூர்ல, சேலம் பெங்களூர்ல.

காலேஜ் முடிச்ச நாள்லேர்ந்து 'டூட்டி ஊருக்குப் போறோம், அங்கேருந்து கன்னியாகுமரி, சன்ரைஸ் பாக்கறோம்'னு பேசிட்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் கேன்சல். பழைய சாட்டை எல்லாம் ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தேன். அஞ்சு தடவை பிளான் போட்டிருக்கோம். அதுல மூணு தடவை கேன்சல் பண்ணது நான். 'ரிலீஸ் இருக்குடா மச்சி.' மூணு தடவையும் இதே வரி. அந்த ரிலீஸ்ல என்ன ஃபீச்சர் போச்சுன்னு இப்போ கேட்டா எனக்கு ஞாபகம் இல்ல.

மே மாசத்துல மீன் சாப்பிடப் போன புத்திசாலிகள்

மே மூணாவது வாரம், வெள்ளிக்கிழமை ராத்திரி. சேலமும் கரூரும் சென்னைக்கே வந்துட்டாங்க, ஒண்ணாப் போனாதான் டிரிப்புன்னு. தாம்பரத்துல முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில தூத்துக்குடி. டூட்டியோட அத்தை வீட்டு மொட்டை மாடிதான் எங்க லாட்ஜ். மாமா விசைப்படகுல டிரைவர். சரி, மீனுக்குப் பஞ்சமே இல்லன்னு கனவுல இருந்தோம்.

வாசல்லேயே அத்தை கேட்டாங்க, "ஏன் தம்பிகளா, தடைக்காலத்துலயா மீன் சாப்பிட வந்தீங்க?"

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எனக்கும் தெரியாது. நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டு இனம் பெருக்கற காலம். அந்த நேரத்துல இழுவலை போட்டு அரிச்சா அடுத்த வருஷத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. முன்னாடி 45 நாளா இருந்ததை 2017-லேர்ந்து 61 ஆக்கிட்டாங்க. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அதனால மீன் கிடைக்கும், ஆனா கரைக்குப் பக்கத்துல கிடைக்கற மீன், கிடைக்கற அளவு.

நம்ம வஞ்சிரத்துக்கு அந்த ஊர்ல பேர் சீலா. அன்னிக்கு சீலா இல்ல. அத்தை சாளை வாங்கி வெச்சிருந்தாங்க. சென்னையில மத்தின்னு சொல்றோமே, அதேதான். தேங்காயும் சின்ன வெங்காயமும் அரைச்சு, புளி கொஞ்சம் தூக்கலா ஒரு குழம்பு. தனியா ஒரு தட்டுல மொறு மொறுன்னு பொரிச்சது. எங்க வீட்டுல மத்தின்னா முள்ளு ஜாஸ்தின்னு வாங்கவே மாட்டாங்க. இங்க அத்தை பொரிச்ச பதத்துல முள்ளோடவே கடிச்சுத் தின்னோம்.

சேலம் நாலு தடவை சோறு வாங்கினான். நாலாவது தடவை அத்தை கேக்கவே இல்ல, அவங்களாவே போட்டாங்க. நாங்க ஓட்டினோம், "டேய், பெங்களூர்ல உனக்கு யாரும் சோறு போடறதில்லையா?" அவனும் சிரிச்சான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

சாயங்காலம் மாமா மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனார். வரிசையா விசைப்படகுங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது. சிலதுல பெயின்ட் வேலை, சிலதுல இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. ஓரமா உக்காந்து வலை சரி பண்றாங்க. எனக்கு அது பாக்க எங்க மெயின்டனன்ஸ் விண்டோ மாதிரி இருந்தது. அப்படியே மாமாகிட்ட சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு, "டீ குடிக்கீங்களா?"ன்னார்.

ராத்திரி பரோட்டா. தூத்துக்குடியில பரோட்டாக் கடைக்கு நைட் கிளப்னு பேர். டூட்டி காலேஜ்ல முதல் வருஷம் "எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு நைட் கிளப்"னு சொன்னப்போ நாங்க வாயைப் பொளந்தது உண்டு. கல்லுக்குப் பக்கத்துல டேபிள். பரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்தி ஊற வெச்சு சாப்பிடணும். நான் ஒரு சிக்கன் சொன்னேன், கரூர் ஆம்லெட்டும் சுக்காவும் சொன்னான். சேலம் ரெண்டு பரோட்டா, சால்னா. அவ்வளவுதான். "மதியம் சாப்பிட்டதே இன்னும் இறங்கல."

ஹாஸ்டல்ல ஒரே உக்காருல பன்னெண்டு பரோட்டா சாப்பிட்ட ஆள் இவன். நான் யோசிக்கவே இல்ல. என் பிளேட்டைப் பாத்துட்டு இருந்தேன்.

மணப்பாடு

மறுநாள் டூட்டி ஒரு கார் ஏற்பாடு பண்ணியிருந்தான். திருச்செந்தூர், அங்கேருந்து குலசேகரன்பட்டினம் வழியா மணப்பாடு. திருச்செந்தூர்ல கடலை ஒட்டியே நாழிக்கிணறு இருக்கு. சுத்தி உப்புத் தண்ணி, உள்ள நல்ல தண்ணி. குலசேகரன்பட்டினத்துலதான் இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளம் வருது, 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. அந்தப் பக்கமே பனங்காடு. உடன்குடி கருப்பட்டி கேள்விப்பட்டிருப்பீங்களே, அது இந்த மண்ணுதான்.

ரோட்டோரம் பதநீர் வித்தாங்க. பனையோலைப் பட்டையில ஊத்தி, நுங்கை வழிச்சுப் போட்டுக் குடுத்தாங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவித்தான் மரத்துல கட்டுவாங்க. அதனாலதான் புளிக்காம பதநீரா இருக்கு. சுண்ணாம்பு இல்லன்னா அது கள்ளு. நாங்க மூணு பேரும் ரெண்டு ரெண்டு பட்டை. சேலம், "எனக்கு வேணாம்டா, வயிறு ஒரு மாதிரி இருக்கு."

மணப்பாடு போய்ப் பாருங்க. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு ஒரு மணல் குன்று, அது மேல திருச்சிலுவைத் தேவாலயம். 1542-ல இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கினதாச் சொல்ற குகையும் அங்கதான். ஒரு பக்கம் அலை அடிக்குது, சர்ஃபிங் பண்ண வர்றாங்க. இன்னொரு பக்கம் குளம் மாதிரி அமைதி. வெயில் தாழ்ந்ததும் மேல போய் உக்காந்தோம். காத்துன்னா அப்படி ஒரு காத்து.

நான் ஃபுல் ஃபார்ம்ல இருந்தேன். "மச்சி, இனிமே வருஷத்துக்கு ரெண்டு டிரிப். அக்டோபர்ல பாலி. ஆளுக்கு ஒரு அறுபதாயிரம் ஆகும், இப்பவே புக் பண்ணிடலாம்." போனை எடுத்து டிக்கெட் விலையே பாக்க ஆரம்பிச்சுட்டேன்.

சேலம், "நான் வரலடா"ன்னான்.

"ஏன்டா, லீவ் கிடைக்காதா?"

"லீவ்தான்டா. பிப்ரவரியிலேர்ந்து லீவ்தான்."

எனக்குப் புரிய ரெண்டு செகண்ட் ஆச்சு. கரூருக்கு முதல்லயே புரிஞ்சிடுச்சு, அவன் கையை எடுத்து சேலம் தோள் மேல போட்டுட்டான்.

பிப்ரவரியில ஒரு பதினஞ்சு நிமிஷ வீடியோ கால்ல வேலை போயிருக்கு. நாலு மாசமாகப் போகுது. எங்ககிட்ட சொல்லல. வீட்டுல சொல்லல. அவங்க அப்பா ரிட்டையர் ஆயிட்டார், சேலத்துல கட்டின வீட்டுக்கு இஎம்ஐ இவன்தான் கட்டறான். தினமும் ஒன்பது மணிக்குக் குளிச்சு சட்டை போட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்துடுவானாம், அம்மா வீடியோ கால் பண்ணா காட்டறதுக்கு. நம்ம குரூப்ல திங்கக்கிழமை ஆனா ஸ்டாண்ட்அப் மீட்டிங் மீம் போடுவான் பாருங்க, அதையும் விடாம போட்டுட்டு இருந்திருக்கான். நான் அதுக்கு சிரிப்பு ஸ்மைலி போட்டிருக்கேன்.

அப்போதான் ரெண்டு பரோட்டா ஞாபகம் வந்தது. பதநீர் ஞாபகம் வந்தது. அத்தை வீட்டுல நாலு தடவை சோறு வாங்கினவன், பில் வர்ற இடத்துல எல்லாம் பசி இல்லாம இருந்திருக்கான். ஒவ்வொரு செலவையும் நாலாப் பிரிச்சு ஆப்ல போட்டுட்டு இருந்தது நான்தான்.

உடனே நான் என்ன பண்ணேன் தெரியுமா? "டேய், உன் பங்கு வேணாம்டா, நாங்க பாத்துக்கறோம்"னேன். அவனுக்குக் கோவம் வந்துடுச்சு. "இதுக்குத்தான்டா சொல்லல. சொன்ன அடுத்த நிமிஷம் நான் உங்களுக்குப் பாவப்பட்டவன் ஆயிட்டேன் பாரு."

யாரும் ஒண்ணும் பேசல. இருட்டினப்புறம்தான் இறங்கினோம்.

இங்க ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். போன வருஷம் என் டீம்லயே ஒருத்தருக்கு வேலை போச்சு. பக்கத்து சீட். தினமும் ஒண்ணா லஞ்ச் சாப்பிட்டவர். 'ஸ்டே ஸ்ட்ராங் ப்ரோ'ன்னு ஒரு மெசேஜ் போட்டேன். அதுக்கப்புறம் ஒரு போன் கூடப் பண்ணல. கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, என்ன பேசறதுன்னு தெரியல, அப்படியே விட்டுட்டேன். சேலம் எங்ககிட்ட மறைச்சதுல எனக்குக் கோவப்பட உரிமையே இல்லன்னு மணப்பாட்டுலேர்ந்து திரும்பி வர்ற கார்ல தோணிச்சு.

அத்தை சொன்னது, சேலம் சொன்னது

மறுநாள் விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்பி கன்னியாகுமரியில சன்ரைஸ் பாக்கறதுதான் பிளான். மொட்டை மாடியில படுத்துப் பேசிட்டே இருந்தோம். மூணு மணிக்கு அலாரம் அடிச்சது. யாரும் இன்னும் தூங்கவே இல்ல. கரூர் அலாரத்தை ஆஃப் பண்ணான், பேச்சு தொடர்ந்தது. அவ்வளவுதான், கன்னியாகுமரி முடிஞ்சது.

காலையில இட்லி சாப்பிடும்போது அத்தை சேலத்தைப் பாத்து, "தம்பி எங்க வேலை பாக்கீங்க?"ன்னு கேட்டாங்க. நாங்க மூணு பேரும் தட்டைப் பாத்தோம். அவன் நேரா சொன்னான், "இப்போ வேலை இல்ல அத்தை. போயிடுச்சு." வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பெரியவங்ககிட்ட அவன் அதைச் சொல்றான்.

அத்தை பதறல. "எங்க வீட்டுலயும் ஒரு மாசத்துக்கு மேலா கரையிலதான் இருக்காவ. வருஷா வருஷம் உள்ளதுதான? வலையைப் பாப்பாவ, படகைப் பாப்பாவ. இன்னொரு இட்லி வைக்கட்டா?"

கேக்கறப்போ எனக்குப் புல்லரிச்சிடுச்சு. ஆகா, இதுதான் இந்த எபிசோடோட மெசேஜ்னு மனசுக்குள்ள நோட் பண்ணிட்டேன். மாடிக்கு வந்ததும் சேலம் அதை ஒரே வரியில உடைச்சான். "அவங்களுக்கு ஜூன் 14 இருக்குடா. எனக்குத் தேதி கிடையாது."

சரியான பாயின்ட். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. 'எல்லாம் நல்லதுக்கே'ன்னு நான் சொல்ல வரல.

ஆனா அந்த மாடியில மூணு விஷயம் பேசி முடிச்சோம். ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேரும் கால்ல இருப்போம். ரிலீஸ் இருந்தாலும். ரெண்டு, வாரத்துக்கு ஒரு மாக் இன்டர்வியூ. கரூர் சிஸ்டம் டிசைன் கேப்பான், நான் கோடிங் கேப்பேன். மூணு, டிரிப் கணக்கு. சேலமே ஒரு வழி சொன்னான்: "என் பங்கைத் தள்ளுபடி பண்ணாதீங்க. ஆப்ல அப்படியே இருக்கட்டும். வேலை கிடைச்ச மாசம் தர்றேன்." சரின்னோம். இன்னும் அப்படியே இருக்கு.

கிளம்பற அன்னிக்கு சாயங்காலம் மக்ரூன் வாங்கப் போனோம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சரக்கு. வாயில வெச்சா கரையும். சேலம் நாலு பாக்கெட் வாங்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்தான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டூட்டி என் காலை மிதிச்சான். வாங்கிக்கிட்டேன். காத்து பட்டா நமத்துடும்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஆனா மதுரை தாண்டறதுக்குள்ள நாலு பாக்கெட்டும் காலி.

இப்போ

சேலத்துக்கு இன்னும் வேலை கிடைக்கல. ரெண்டு இடத்துல கடைசி ரவுண்டு வரைக்கும் போயிட்டு வந்தான். ஊருக்குப் போய் அப்பாகிட்ட நேர்ல சொல்லிட்டான். அப்பா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாராம்.

ஜூன் 15 காலையில அத்தை டூட்டிக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்க. மாமாவோட படகு துறைமுகத்தை விட்டு வெளியே போகுது. குரூப்ல போட்டோம். முதல் பதில் சேலத்துகிட்டேருந்துதான்: "சீலா வந்ததும் சொல்லச் சொல்லு."

இந்த எபிசோடை வெளியிடறதுக்கு முன்னாடி அவனுக்குத்தான் முதல்ல அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னான். பன்னெண்டு பரோட்டா இல்லையாம், பதினாலாம்.

நானும் போன வாரம் அந்தப் பழைய பக்கத்து சீட்காரருக்கு போன் பண்ணேன். லேட்டுதான், ஒரு வருஷம் லேட்டு. முதல் ஒரு நிமிஷம் ரெண்டு பேருக்கும் சங்கடமா இருந்தது. அப்புறம் நாப்பது நிமிஷம் பேசினோம்.

உங்க குரூப்லயும் ஒருத்தர் மீம் மட்டும் போட்டுட்டு இருக்கலாம். 'எப்படி இருக்க'ன்னு டைப் பண்ணா 'ஓகே மச்சி'ன்னுதான் வரும். போன் பண்ணுங்க. முடிஞ்சா நேர்ல போங்க, பில் வராத ஒரு இடத்துல உக்காந்து சாப்பிடுங்க. யார் எவ்வளவு சாப்பிடறாங்கன்னு கொஞ்சம் கவனிங்க.

அடுத்த எபிசோடுல பாப்போம்.