வண்ண மீனை ஏலத்துக்குக் கொண்டு போவது எப்படி?



வீட்டு வாசலில் ஒரு பழைய தொட்டியை வைத்து, அதில் கப்பி மீனோ சண்டை மீனோ வளர்க்கும் பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கப்பி நம் நாட்டு மீன் அன்று. தென் அமெரிக்காவின் வடபகுதியும் திரினிடாட் தீவும் அதன் தாயகம். கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காகப் பல நாடுகளில் அதைக் கொண்டு வந்து நீர்நிலைகளில் விட்டார்கள். இன்று நம் கால்வாய்களிலும் அது துள்ளி விளையாடுகிறது. ஆனால் வாலழகும் நிறமும் பார்த்துப் பொறுக்கி வளர்த்த கப்பிக்கு விலை உண்டு. இரண்டு மூன்று தொட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு சிறு வருமானம்.

மீன் வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள் ஒன்றுகூடி, தாங்கள் வளர்த்த மீன்களைத் தங்களுக்குள்ளேயே ஏலம் விடுவது இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் நெடுநாளைய வழக்கம். நம் வட்டாரத்திலும் சண்டை மீன், கப்பி வளர்ப்போர் இப்படி ஏலம் விடுவது உண்டு. அத்தகைய ஏலத்துக்கு மீனை எப்படித் தயார் செய்வது, பையில் எப்படிக் கட்டுவது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கடையில் மீன் வாங்குபவர் தொட்டியின் முன் நின்று, அது நீந்துவதையும் தின்பதையும் நிதானமாகப் பார்க்கலாம். ஏலத்தில் அப்படி இல்லை. ஏலம் கூறுபவர் பையை உயர்த்திக் காட்டுவார், விலை ஏறும், சற்று நேரத்தில் முடிந்துவிடும். வாங்குபவர் பையையும் அதன்மேல் எழுதியுள்ள பெயரையும் நம்பித்தான் பணம் கொடுக்கிறார். அந்த மீன் மறுநாள் செத்து மிதந்தால், அடுத்த முறை உங்கள் பையை எவரும் கேட்க மாட்டார்கள். மீனின் விலை ஏல மேடையில் முடிவாகிறது. அதன் உயிரோ, இரண்டு நாளுக்கு முன்பு உங்கள் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலாவது வேலை, மீனைப் பொறுக்குவது. விற்க நினைக்கும் மீனை இரண்டு வாரத்துக்கு முன்பே தனித் தொட்டியில் விட்டுக் கவனியுங்கள். உடம்பில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளி தெரிகிறதா? துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறதா? உடம்பைக் கல்லில் உரசுகிறதா? அப்படிப்பட்ட மீன் விற்பனைக்கு உரியது அன்று. நோயுள்ள ஒரு மீன், வாங்கியவர் தொட்டியில் உள்ள அத்தனை மீனையும் கெடுத்துவிடும். பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளையும் கொண்டு போக வேண்டாம். அவை பசியையும் பயணத்தையும் தாங்க மாட்டா.

இரண்டாவது, தீனியை நிறுத்துவது. சிறிய மீனுக்கு ஒரு நாள், பெரிய மீனுக்கு இரண்டு நாள் தீனி போடக் கூடாது. "வாயில்லாச் சீவனைப் பட்டினி போடலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். வளர்ந்த, நலமான மீன் ஓரிரு நாள் தீனி இல்லாமல் இருப்பதால் அதற்குத் தீங்கு இல்லை. வயிறு நிறைந்த மீனைப் பையில் கட்டுவதே தீங்கு. மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருள் நீரில் கலக்கிறது. பெரிய தொட்டியில் அதை மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. கையகலப் பையில் அது அங்கேயே சேர்ந்து மீனின் செவுளைப் புண்ணாக்கும்.

மூன்றாவது, தண்ணீர். இரண்டு நாளுக்கு முன்பே தொட்டி நீரில் கால் பங்கை மாற்றிவிடுங்கள். பையில் கட்டும்போது, மீன் பழகிய அதே தொட்டியின் தெளிந்த மேல்நீரை எடுங்கள். அடியில் உள்ள கசடு பைக்குள் வரக் கூடாது. குழாய் நீரை நேரே ஊற்ற வேண்டாம். அதிலுள்ள குளோரின், நீரை ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்த நீருக்கு அது போதாது. மீன் கடையில் கிடைக்கும் நச்சு முறிக்கும் மருந்தை அளவோடு சேர்க்க வேண்டும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் இருப்பதால் அங்குள்ள நேயர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பை. சாமான் வாங்கிய மெல்லிய பையை எடுக்காமல், மீன் கடையில் விற்கும் கெட்டியான தெளிந்த பையை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் நீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பாருங்கள். பெயர்ச் சீட்டை முதலிலேயே ஒட்டிவிட வேண்டும். நனைந்த பையில் பசை பிடிக்காது.

பையில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு காற்று இருக்க வேண்டும். நீர் நிறைய இருந்தால் மீன் நன்றாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. மூடிய பையில் நீருக்குப் பிராணவாயுவைக் கொடுப்பது அதன்மேல் உள்ள காற்றே. அந்தக் காற்றை வாயால் ஊதி நிரப்பாதீர்கள். வெளிக்காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. நாம் விடும் மூச்சில் அது ஏறக்குறைய 16 பங்காகக் குறைந்து, கரியமிலவாயு 4 பங்கு வரை ஏறியிருக்கும். பையின் வாயை அகல விரித்துக் காற்றில் ஒரு வீச்சு வீசிச் சட்டென்று முறுக்குங்கள், போதும். சண்டை மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிக்கும் மீன். அதற்கும் பையின் மேற்பகுதியில் காற்று கட்டாயம் வேண்டும்.

வாயை இறுக முறுக்கி, மடித்து, ரப்பர் வளையத்தைப் பலமுறை சுற்றுங்கள். பால்மரம் சீவிப் பழகிய குடும்பங்களுக்கு ரப்பரின் இழுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கிடந்து வெடித்த பழைய வளையம் வேண்டாம். பிறகு இரண்டாவது பையை எடுத்து, கட்டிய பையைத் தலைகீழாக அதற்குள் இட்டு, அதையும் கட்டுங்கள். இதனால் இரண்டு நன்மை உண்டு. ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று காக்கும். பையின் கூர்மூலைகளும் மறைந்துவிடும். சிறு மீன்கள் மூலையில் புகுந்து நசுங்கிச் சாவது இப்படித் தடுக்கப்படுகிறது. முள்ளுள்ள கெளுத்தி வகை மீனானால், இரண்டு பைக்கும் நடுவே செய்தித்தாளைச் சுற்றுங்கள்.

ஒரு பையில் எத்தனை மீன்? ஆண் சண்டை மீன் பைக்கு ஒன்றே. கப்பியானால் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் நல்ல கணக்கு. பையைக் கூட்டமாக்கினால் பார்வைக்கு நிறைவாக இருக்கும்; மீனுக்கு மூச்சு முட்டும்.

பெயர்ச் சீட்டில் நீரில் அழியாத மையால் எழுதுங்கள்: மீனின் வகை, எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது, வளர்த்தவர் பெயர். கலப்பினமானால் கலப்பினம் என்றே எழுதுங்கள். நீங்கள் எழுதியதை நம்பித்தான் வாங்குபவர் அடுத்த தலைமுறை மீனை வளர்க்கப் போகிறார்.

ஐந்தாவது, பயணம். ஏலத்தன்று காலையில், புறப்படும் முன்பு கட்டுவதே நல்லது. நம் வெயிலை மறக்க வேண்டாம். 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். வெப்பம் ஏறும்போதோ மீனுக்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆகவே பைகளை மூடியுள்ள நுரைப்பெட்டியில் அடுக்கி, ஆடாமல் நடுவே தாளைத் திணியுங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். பனிக்கட்டியைப் பையோடு சேர்த்து வைக்க வேண்டாம். திடீர்க் குளிர்ச்சி மீனைக் கொல்லும்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கட்டிய பையை அப்படியே தொட்டி நீரில் 15 நிமிடம் மிதக்க விட வேண்டும். பிறகு பையைத் திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். மூடிய பையில் சேரும் கரியமிலவாயு நீரைச் சற்றுப் புளிப்பாக்கி, அம்மோனியாவின் நச்சை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேற, நச்சு ஓங்கும். திறந்த பையிலேயே நெடுநேரம் வைத்திருப்பது அதனால்தான் ஆபத்து. பை நீரைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

பெயர் பதிவதற்கு எந்த நாள் கடைசி, ஏலம் நடத்துவோர் விலையில் எத்தனை பங்கு எடுத்துக்கொள்வார்கள் என்பவற்றை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பை, வளையம், பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கழித்த பிறகு மிஞ்சுவதே வருமானம். முதல் தடவை நாலைந்து பை போதும். கணக்கு எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பள்ளியில் படித்த கழித்தலும் விழுக்காடும் எதற்கு என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும்.

விலை போகாத மீன் இருந்தால் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். அல்லது வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். ஆற்றிலோ குட்டையிலோ விடாதீர்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் ஆற்றில் எறிந்த மீனே, மலாய் மக்கள் ஈக்கான் பண்டாராயா என்று அழைக்கும் மீன். அது இன்று நம் ஆறுகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. நாட்டு மீன்களுக்கும் இடைஞ்சலாக இருக்கிறது.

நேயர்களே, இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. நலமான மீன், ஒரு நாள் பட்டினி, தெளிந்த நீர், இரட்டைப் பை, உண்மையான சீட்டு ஆகிய ஐந்தும் இருந்தால், உங்கள் பெயர் எழுதிய பை மேடைக்கு வரும்போது நாலு கைகள் தாமாக உயரும். வாங்கியவர் வீட்டில் அந்த மீன் குஞ்சு பொரித்தால், அடுத்த ஏலத்தில் அவரே உங்களைத் தேடி வருவார்.