இபிசாத் தீவின் மற்றொரு முகம்

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குரிய இபிசாத் தீவு இரவுக் களியாட்டங்களுக்குப் பெயர் பெற்றது. நான் நாடிச் சென்றதோ அதன் தென்கோடி உப்பளங்களை. பினீசியர் காலந்தொட்டு, 2,000 ஆண்டுகளுக்கு மேலாக, அங்கே உப்பு விளைகிறது. பூநாரைகள் வந்து இரை தேடுகின்றன.

அருகே கடலடியில் பொசிடோனியா என்னும் புல்வெளி பரந்து கிடக்கிறது. அது பாசியன்று, வேரும் பூவும் உடைய தாவரம். மணலைப் பிடித்து நிறுத்துவதும் நீரைத் தெளிவிப்பதும் அதுவே. 1999-இல் யுனெஸ்கோ இத்தீவை உலக மரபுச் சின்னமாக ஏற்றதற்கு இப்புல்லும் ஒரு காரணம்.

உல்லாசப் படகுகளின் நங்கூரங்கள் அதனைப் பெயர்த்துவிடுகின்றன. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே படரும் புல் மீண்டும் தழைக்க நெடுங்காலம் ஆகும். ஆகவே, 2018-இல் பலேரியத் தீவுகளின் அரசு அதன்மேல் நங்கூரமிடுவதைத் தடுத்தது. களிக்க வருவோரை ஈர்க்கும் தெளிந்த நீர் இப்புல்லின் கொடை. அதனைக் காப்பது அவர்தம் கடமையுமாகும் என்பேன்.