இரவு ஷிஃப்டும் பையில் ஒரு கத்தியும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில், மஃரிபு தொழுகைக்குப் பின் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முக்கியமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

போன மாதம் ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்தார். மகன் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்கு மேல் பைக்கில் வருகிறவன். ஒருநாள் சர்வீஸ் ரோட்டில் மூன்று பேர் மறித்து செல்போனைப் பறித்துவிட்டார்கள். மறுநாள் அந்த அம்மாவே சமையலறைக் கத்தி ஒன்றைத் துணியில் சுற்றி அவன் பையில் வைத்திருக்கிறார். "பாய், நான் செஞ்சது தப்பா, குனாஹ்வா?" என்று கேட்டார்.

ஒரு தாயின் பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவருக்கு அவசரத்தில் சொன்னதை இன்று முழுசாகச் சொல்கிறேன்.

தற்காப்பு உங்கள் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான். உங்கள் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத மனிதரின் உடலைக் காக்கவும் உரிமை உண்டு. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பலாத்காரம் நடக்கும், கடத்துவார்கள், ஆசிட் வீசுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிராளியின் உயிர் போனாலும் அது குற்றமில்லை. அடி வாங்கிக்கொண்டிருக்கிறவன் தன் எதிரடியைத் தராசில் நிறுத்துப் பார்த்துக் கொடுக்க முடியாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றமும் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. மார்க்கமும் இதைத்தான் சொல்கிறது. தன் பொருளைக் காக்கப் போராடி உயிர்விட்டவர் ஷஹீத் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

நம் மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜனவரி, திருவள்ளூர் மாவட்டம் சோழவரம். 19 வயதுப் பெண் ஒருத்தியை உறவுக்காரன் ஒருவன் கத்தியைக் காட்டி மிரட்டி பலாத்காரம் செய்ய முயன்றான். அவள் அவனைத் தள்ளி, அவன் கத்தியையே பிடுங்கிக் குத்தினாள். அவன் இறந்துபோனான். அந்தப் பெண் தானாகவே காவல் நிலையம் போய் நடந்ததைச் சொன்னாள். காவல்துறை விசாரித்து, இது தற்காப்பு என்று பழைய 100ஆம் பிரிவின்படி அவளை விடுவித்தது.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கத்தி அவள் வீட்டிலிருந்து கொண்டுபோனது அல்ல. எதற்காகக் கத்தி வைத்திருந்தாய் என்று அவளை யாரும் கேட்க முடியவில்லை.

இனி கத்தியைக் கொண்டுபோகும் விஷயம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிற்சாலை வேலைக்கென்று செய்தவை அதில் சேராது. கறிக்கடை பாய்மார்கள் பயப்பட வேண்டாம். ஆனாலும் குர்பானி சமயத்தில் கத்தியைச் சாணை பிடித்து, மூடாமல் பைக் முன்னால் சொருகிக்கொண்டு பஜாருக்குள் போகிறார்களே, அது எனக்குப் பிடிப்பதே இல்லை. அம்பு வைத்திருப்பவர் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடந்தால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவர்மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்ற அக்கறை அது.

"எட்டு அங்குலக் கத்திதானே, பிரச்சனை இல்லையே" என்று ஒரு தம்பி கேட்கலாம். அளவு பார்ப்பது ஆயுதச் சட்டம் மட்டும்தான். குத்திய பிறகு யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. கத்தியால் காயம் ஏற்படுத்தினால் 118ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை போகும். கொடுங்காயம் என்றால் ஆயுள் வரை. தற்காப்புக்காகச் செய்தேன் என்றால், அதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. பையில் கத்தி இருந்த ஒரே காரணத்தால் அந்த உரிமை பறிபோகாது, உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தினமும் கத்தியோடுதான் போவீர்களா?" என்பது. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று, உரிமை எப்போது முடிகிறது என்பது. பஞ்சாபில் நிலத்தகராறு. ஆபத்து தீர்ந்து, எதிராளிகள் ஓடிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். 1962இல் ஜெய்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு வாதத்தை ஏற்கவில்லை. அச்சம் இருக்கிறவரைக்கும்தான் உரிமை. போன் பறித்தவனை இரண்டு நாள் கழித்து டீக்கடையில் பார்த்துக் குத்தினால் அது பழிவாங்கல். அதற்கு எந்தப் பிரிவும் உதவாது.

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கமும் இதே சட்டம்தான். ஆனால் அத்திப்பள்ளியில் பிடிபட்டால் எழுத்து முழுக்கக் கன்னடத்தில் இருக்கும், ஜாமீனுக்கு உங்கள் அப்பா ஆனேக்கல்லுக்கு அலைய வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் நானும் ஆறு மாதம் பட்டன் கத்தி வைத்திருந்தேன். அந்த ஆறு மாதமும் ஒரு திருடன்கூட வரவில்லை. வந்தது பஸ் ஸ்டாண்ட் அருகே வண்டி நிறுத்தும் சண்டை. அவன் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். என் கை பாக்கெட்டுக்குள் போனது எனக்கே தெரியாது. டீக்கடைப் பெரியவர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டாதீர்கள், ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையைப் பின்னாளில் படித்தபோது அந்த மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. பாக்கெட்டில் கத்தி இல்லையென்றால் அன்று என்ன நடந்திருக்கும்? இரண்டு பேரும் கத்திவிட்டுப் போயிருப்போம்.

அந்த அம்மாவிடம் கத்தியைத் திரும்ப எடுத்துவிடச் சொன்னேன். யாராவது மறித்தால் போனைக் கொடுத்துவிடட்டும், உயிருக்கே கை வைத்தால் கையில் கிடைத்ததைக் கொண்டு போராடட்டும், கல்லோ ஹெல்மெட்டோ. அதே ஷிஃப்ட் பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வண்டி ஓட்டி வரட்டும். ஆபத்து என்றால் 112. போன் போனால் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கிவிடலாம். பறித்தவனுக்கு அது உபயோகப்படாது.

அவன் புகாரே கொடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. "போன்தானே" என்றானாம். நான்தான் உடன் போய் எழுதிக் கொடுத்தேன். இங்கேயும் அப்படி எழுதாமல் விட்டவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். இஷாவுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. ஐஎம்இஐ எண் உள்ள பெட்டியோ பில்லோ வீட்டில் இருந்தால், நாளைக் காலை பத்து மணிக்கு எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வாருங்கள்.