எழுதச் சொல்லிக்கொடுக்க நமக்குத் தகுதி உண்டா?

(நூற்றாண்டு விழா இலக்கிய அமர்வில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் தமது வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைய மாணவிகளுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பொன்று நடத்தித் தரும்படி சங்கம் எங்கள் வகுப்பைக் கேட்டது. முன்வந்தவர்கள் நாங்கள் நாலு பேர். இருவர் ஆசிரியைகள், ஒருவர் வங்கியில், மற்றவர் ஆஸ்பத்திரியில். எப்போதாவது பத்திரிகையில் ஒரு கவிதையோ கட்டுரையோ வந்திருக்கும். அதற்குமேல் எழுத்தாளர் என்ற பெயர் எங்களுக்கு இல்லை. வேலை முடிந்த நேரத்தில் எழுதுகிற நாங்கள் மற்றவருக்கு ஆலோசனை சொல்லலாமா? இதுவே எங்களுக்கு முதலில் வந்த கேள்வி.

மலையகத்தின் கதையைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. இங்கே எழுத்தையே தொழிலாக வைத்து வாழ்ந்தவர்கள் மிகக் குறைவு. சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தெளிவத்தை ஜோசப் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே ‘நாமிருக்கும் நாடே’ கதைகளை எழுதினார்; பிறகு மற்றவர்களின் கதைகளைத் தேடித் தொகுத்தார், மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார். ‘குருதிமலை’ நாவலைத் தந்த தி. ஞானசேகரன் தோட்டங்களில் பணியாற்றிய வைத்தியர். அவரே 2000இல் ‘ஞானம்’ சஞ்சிகையைத் தொடங்கி எத்தனையோ புதியவர்களின் எழுத்தைத் திருத்தி வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளி. தொழில்முறை எழுத்தாளர் மட்டுமே ஆலோசனை சொல்லலாம் என்றிருந்தால், நம் மலைகளில் இரண்டாவது எழுத்தாளரே வந்திருக்கமாட்டார்.

ஆகவே தகுதி உண்டு என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். ஆனால் எங்கள் மனம் இடம் தரவில்லை. அதற்கொரு காரணம் இருக்கிறது.

உயர்தர வகுப்பில் படித்தபோது நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒன்பதாம் ஆண்டுத் தங்கை ஒருவர் தன் அம்மாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். மழைக்காலம், கொழுந்து குறைவு, நிறுவை போதவில்லை, அம்மாவுக்கு அன்று அரைப்பேர். படங்கைக் கழற்றாமலே அம்மா காம்பரா வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இவ்வளவுதான் எழுத்து.

நாங்கள் சிவப்புப் பேனையை எடுத்தோம். ‘அரைப்பேர்’ என்பதை ‘அரைநாள் ஊதியம்’ என்றும், ‘காம்பரா’வை ‘இல்லம்’ என்றும் மாற்றினோம். ‘படங்கு’ கொழும்பில் யாருக்கும் விளங்காதென்று வெட்டினோம். முடிவு சோகமாக இருக்கிறதென்று, நாளை விடியும் என்ற கருத்தில் இரண்டு வரிகளை நாங்களே சேர்த்தோம். அழகான கையெழுத்தில் படி எடுத்து அந்தத் தங்கையிடம் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இது எங்க அம்மா இல்லையே, அக்கா.”

நாங்கள் சிரித்தோம். அதன்பின் அவர் எங்களிடம் ஒரு வரியும் எழுதித் தரவில்லை.

அரைப்பேர் என்ற சொல்லின் கனம் எங்களுக்குத் தெரியாமலா இருந்தது? எங்கள் அம்மாமாரும் கூடை சுமந்தவர்கள்தான். ஒரு நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குச் செக்ரோலில் பாதிப் பெயர்தான் என்ற அவமானம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘அரைநாள் ஊதியம்’ கணக்கை மட்டும் சொல்கிறது. எங்களுக்கே கூச்சமாக இருந்த ஒன்றை அந்தச் சிறுமியின் தாளில் அழித்தோம் என்பதே உண்மை.

நாங்கள் தொழில்முறை எழுத்தாளராக இருந்திருந்தாலும் இதே தவறைச் செய்திருக்கலாம். குறை எங்கள் அனுபவத்தில் மட்டும் இல்லை. கேட்காமல் திருத்தியதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளி வாய் திறக்குமுன் மருந்து எழுதுவதில்லை. எங்கே நோகிறது, எப்போதிருந்து என்று கேட்ட பிறகே கை பேனைக்குப் போகும். எழுத்து விடயத்தில் நாங்கள் மருந்தை முதலில் எழுதிவிட்டோம். மூத்த அக்காமாருக்கு எதிராக அந்தப் பிள்ளையால் ஒன்றும் பேசவும் முடியவில்லை.

சி.வி. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தபோது செய்தது இதற்கு நேர்மாறான வேலை. அந்த மக்கள் பாடியதைக் காது கொடுத்துக் கேட்டார். அவர்கள் சொல்லிலேயே எழுதி வைத்தார். நல்ல ஆலோசகருக்கு முதலில் வேண்டியது அந்தக் காதுதான்.

எங்களைப் போன்றவர்கள் எதைச் சொல்லலாம்? வாசகியாகச் சொல்லலாம்: இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை, இங்கே இன்னும் கேட்க ஆசையாக இருக்கிறது, இந்த வரியில் உன் குரல் இல்லை என்று. எங்கே நோகிறது என்று சொல்லப் பட்டம் தேவையில்லை. நாங்கள் எழுதிக் கெடுத்த கதையையும் சொல்லலாம். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி ஆகியவற்றைத் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் சிறுகதை இப்படித்தான் முடியவேண்டும் என்று சட்டம் போடக்கூடாது. ஒரு நாவலைக் கட்டுவது, புத்தகம் போடுவது பற்றிக் கேட்டால், அதைச் செய்தவர்களிடம் அனுப்பவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஒரு தகுதிதான்.

ஆகவே வகுப்பை நடத்த ஒப்புக்கொண்டோம், மூன்று நிபந்தனைகளோடு. சிவப்புப் பேனை கிடையாது. பிள்ளை தன் எழுத்தைத் தானே வாசிக்கும்வரை நாங்கள் வாய் திறக்கமாட்டோம். எந்த மாற்றத்துக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கே. வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளும் கடிதம் மூலம் ஒவ்வொரு மாணவிக்கு வாசகியாக இருக்க முன்வரவேண்டுமென அன்போடு கேட்கிறோம்.

கடைசியாக ஒன்று. இந்த மலர் உலகின் பல திக்குகளுக்கும் போகும் என்கிறார்கள். அந்தத் தங்கை இப்போது எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பெயரையும் இங்கே சொல்லவில்லை. தங்கச்சி, இதை வாசித்தால் உங்களுக்கு விளங்கும். அன்று நீங்கள் சொன்னது சரி, அது உங்கள் அம்மா இல்லை. எங்களை மன்னியுங்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தை மறுபடி எழுதி அனுப்புங்கள். அரைப்பேரும் படங்கும் காம்பராவும் அப்படியே இருக்கட்டும். ஒரு சொல்லையும் தொடமாட்டோம்.