வழியில் காற்றுப் போனால்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். தமிழில் சாலை என்றால் வண்டி போகும் வழி. இந்தச் சாலையிலோ வண்டி போவதுதான் கடினம். சுமைகாரரும் ஆட்டோவும் பலசரக்கு மூட்டையும் சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் இக்கடைத்தெருவை நிறுவினார். அதன்பின் தலைமுறை தலைமுறையாக நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வியாபாரத்துக்கு வந்து சேர்ந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, களியக்காவிளை எல்லையாயிற்று. அன்றுமுதல் எங்களில் பலர் பிழைப்பு இந்தப் பக்கம், உறவு அந்தப் பக்கம் என்று வாழ்கின்றோம். திருமணமானாலும் துஷ்டியானாலும் கடையை அடைத்துவிட்டுக் கரமனைப் பாலத்தைத் தாண்டிக் கிளம்ப வேண்டியதுதான்.

நாகர்கோவிலுக்குத் தொலைவு 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு அருகில் இருப்பதே ஓர் ஆபத்து. சென்னைக்கோ பம்பாய்க்கோ காரில் புறப்படுகிறவன் வண்டியை நாலு முறை சுற்றிப் பார்ப்பான். பக்கத்து ஊருக்குத்தானே என்று எண்ணுகிறவன் சாவியைத் திருகிப் புறப்பட்டு விடுவான். நானும் அப்படிப் புறப்பட்டவனே. நான் தொழிலால் மெக்கானிக் அல்லேன். சாலையில் பலசரக்கு வியாபாரம் செய்பவன். ஆயினும் நேயர்களுக்கு இந்த விஷயத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துலாவர்ஷ மழைக்காலத்துச் சனிக்கிழமை அது. சுசீந்திரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்த என் தாய்மாமன் முந்தின இரவு காலமானார். ராகுகாலம் பிறக்குமுன், அதாவது ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்திருந்தனர். நானும் என் தாயாரும் தம்பியும் காலை ஐந்தரை மணிக்குக் காரில் கிளம்பினோம். நேரம் தாராளமாகவே இருந்தது. நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை நெருங்குகையில் வண்டி இடப்பக்கமாக இழுத்தது. பின்னால் தடதடவென்று ஓசை கேட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்ததால், ஒதுங்க ஓர் அகலமான இடம் தேடி அரைக் கிலோமீட்டர் வரை ஓட்டிச் சென்றேன். இறங்கிப் பார்த்தால் இடப்பக்கப் பின்சக்கரம் தரையோடு தரையாகப் படிந்திருந்தது.

ஸ்டெப்னியை எடுக்கலாம் என்று டிக்கியைத் திறந்தோம். அரிசிப் பையும் பாத்திரமும் எல்லாவற்றையும் மழையில் இறக்கி வைத்து, அடித்தட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தால், அதுவும் காற்றில்லாமல் கிடந்தது. அந்த வண்டியை வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை நாளில் ஒரு முறைகூட அதை நான் தொட்டுப் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் பஞ்சர் கடை எதுவும் திறக்கவில்லை.

முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக நின்ற பிறகு, தோவாளைப் பூவைத் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேன் நின்றது. அதன் ஓட்டுநரிடம் காரின் மின்சாரத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தன. ஸ்டெப்னிக்குத்தான் முதலில் காற்றடித்துப் பார்த்தார். அடித்த காற்று வால்வு வழியே சீறிக்கொண்டு வெளியேறியது. "இது ஆகாது அண்ணாச்சி, அதையே அடைச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு அவர் பஞ்சரான டயரிடம் போனார்.

அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவை ட்யூப் இல்லாத டயர்களையே கொண்டவை. ஆகையால் இதனை எவரும் கற்றுக்கொள்ளலாம்.

முதற்கண் அவர் என்னைச் சமதரையில் வண்டியை நிறுத்தச் செய்து, கைப்பிரேக்கை இழுத்து, கியரையும் போடச் சொன்னார். எதிர்ப்பக்கத்து முன்சக்கரத்துக்கு இருபுறமும் கல் வைத்தார். என் தாயாரை வண்டியிலிருந்து இறக்கி, போக்குவரத்துக்கு விலகிய ஓர் இடத்தில் குடையோடு நிற்க வைத்தார். ஜாக்கியை வைக்குமுன்னரே சக்கரத்து நட்டுகளைக் கால் சுற்று இளக்கிக்கொண்டார். தூக்கிய பிறகு இளக்கப் போனால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். மலையாள நாட்டுச் செம்மண் ஓரம் மழையில் குழைந்து கிடந்ததால் ஜாக்கி புதையாதிருக்க அடியில் ஒரு பலகையை வைத்தார். இந்தப் பலகையை அன்றுமுதல் நானும் டிக்கியில் வைத்திருக்கிறேன். சாலையில் பெட்டிப் பலகைக்கா பஞ்சம்! ஜாக்கி தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நுழைப்பது ஒருபோதும் கூடாது.

டயரைச் சுழற்றித் தேடியதில், தரையில் பதியும் பகுதியில் ஓர் ஆணியின் தலை தெரிந்தது. ஆணியைப் பிடுங்கி, துளைக்குள் அரம் போன்ற திருகுகம்பியை விட்டுப் பலமுறை மேலும் கீழுமாகத் தேய்த்தார். பிறகு பசையூட்டிய ரப்பர் கயிறு ஒன்றைக் காதுள்ள தடித்த ஊசியில் கோத்து, துளையில் அழுத்திச் செலுத்தி, ஊசியைச் சடாரென்று உருவினார். கயிறு மடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே நீட்டிய நுனிகளை வெட்டினார். காற்றை 30 பவுண்டு வரை ஏற்றி, அடைத்த இடத்தில் எச்சிலைத் தொட்டுவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. "மார்த்தாண்டத்தில் நிறுத்திக் காற்றைப் பாருங்கள், அறுபதுக்கு மேல் போகாதீர்கள், ஊர் சேர்ந்ததும் கழற்றி உள்ளே ஒட்டுங்கள்" என்று மூன்று கட்டளைகளை இட்டுவிட்டு, பணம் வாங்க மறுத்து, அவர் போய்விட்டார்.

நாங்கள் ஊர் சேர்ந்தபோது மணி பத்தரை. என் தாயார் தம் அண்ணனின் முகத்தைக் காணவில்லை. இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஸ்டெப்னி என்ற பெயரிலேயே ஒரு கதை இருக்கின்றது. தமிழில் ஸ்டெப்னி என்கிறோம். மலையாளிகள் ஸ்டெப்பினி என்பர். வடநாட்டிலும் இந்தச் சொல் உண்டு. ஆங்கில நாட்டில் இன்று சொன்னால் பலருக்குப் புரியாது. ஆதியில் வந்த மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. சக்கரத்தைக் கழற்றுவதும் எளிதாக இல்லை. காற்றுப் போனால் வழியோரத்தில் அமர்ந்து டயரை நெம்பி எடுத்து, ட்யூபை ஒட்டி, மீண்டும் மாட்ட வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டிலுள்ள லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவைச் சேர்ந்த தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் ஓர் உபாயம் கண்டார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, காற்றிழந்த சக்கரத்தின் பக்கத்தில் கவ்விகளால் இறுக்கிவிடுவதே அது. அந்தத் தெருவின் பெயரே பொருளின் பெயராயிற்று. பிற்காலத்தில் கழற்றி மாட்டும் முழுச் சக்கரம் வந்ததும் ஸ்டெப்னி வளையம் மறைந்தது. நம் நாட்டில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆக, பிறந்தபோதே ஸ்டெப்னி என்பது வீடு சேரும் வரைக்குமான ஏற்பாடு. இன்று பல கார்களில் வரும் ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிட ஒல்லியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதே என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். அதையே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களையும் சாலையில் பார்க்கிறேன்.

இப்போது ஸ்டெப்னியே இல்லாத கார்களும் வருகின்றன. ட்யூப் இல்லாத டயரும், பஞ்சர் ஒட்டும் சாமானும், காற்றுக் குறைந்தால் அறிவிக்கும் கருவியும் உள்ள சிறு வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அத்தகைய வண்டி வைத்திருப்போர் ரப்பர் கயிற்று வித்தையை வீட்டு வாசலிலேயே ஒரு முறை பழகிக்கொள்வது அவசியம். இருட்டிலும் மழையிலும் புத்தகத்தைப் படித்துக் கற்கும் காரியமன்று இது.

இந்த அடைப்பு ஏன் நிரந்தரமாகாது என்று கேட்கலாம். கயிறு வெளிப்புறத்திலிருந்து துளையை மூடுகிறதே தவிர, உள்ளே என்ன நேர்ந்தது என்பதைக் காட்டுவதில்லை. டயருக்குள் எஃகு இழைகள் இருக்கின்றன. துளை வழியே இறங்கும் ஈரம் அவற்றைத் துருப்பிடிக்கச் செய்யும். டயரைக் கழற்றி உட்புறம் பரிசோதித்து, காளான் வடிவிலுள்ள ஒட்டை உள்ளிருந்து செலுத்தி ஒட்டுவதே முறையான வேலை. அதுவும் தரையில் படியும் பகுதியில், ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளைக்கே பொருந்தும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டு எதுவும் தாங்காது. இன்னொரு செய்தி: ஆணி குத்தியிருந்தும் காற்று மெல்லத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள். ஆணியே அப்போதைக்கு அடைப்பு. காற்றை நிரப்பி மெதுவாகக் கடை வரை போகலாம்.

இனி, புறப்படுமுன் பார்க்க வேண்டியவை. காற்றை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டில் எழுதியிருக்கும். பஞ்சரே ஆகாத டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு இழக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்வதால் சூடேறி, வேகத்தில் வெடிக்கவும் கூடும். பெட்ரோல் பங்கில் நாலு சக்கரத்துக்கும் காற்றடிப்பவரிடம் ஐந்தாவதையும் காட்டுங்கள். சாமானை இறக்க வேண்டுமே என்ற சோம்பல்தான் அதைத் தடுக்கின்றது. ஆதலால் டிக்கி காலியாக இருக்கும் நாளில், ஊருக்குப் போகும் நாளுக்கு முன்பே, இதைச் செய்துவிடுவது நல்லது.

டயரின் வரிப்பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து டயரின் முகம் அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆண்டில் இரு முறை பெய்யும் இந்த நாட்டில், வழுக்கையான டயர் நீரின்மேல் மிதந்தோடும். பிரேக் பிடித்தாலும் நிற்காது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாத ஸ்டெப்னிக்கும் வயதாகும் என்பதை இதைப் பார்த்தே அறிந்தேன்.

என்ஜின் எண்ணெயைச் சமதரையில், நிறுத்திச் சில நிமிடங்கள் சென்றபின் பார்க்க வேண்டும். கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்தால் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் நிற்கும் கொதிநீர் முகத்தில் பாயும். பக்கத்திலுள்ள வெள்ளைக் குப்பியின் கோட்டைப் பார்த்தாலே போதும். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசியலாம். மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை. வைப்பர் ரப்பர், விளக்குகள் ஆகியவற்றை ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்றால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சக்கரம் மாற்றினால் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் மூலையில் ஒன்றாக இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் சாய்ந்து உட்காரும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

துஷ்டி முடிந்து மறுநாள் அறுபதுக்கு மேல் போகாமல் திருவனந்தபுரம் திரும்பி, அந்த டயரைக் கடையில் கழற்றக் கொடுத்தேன். கடைக்காரர் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பக்கச்சுவர் முழுதும் அரைபட்டு, கருந்தூளாக ரப்பர் உதிர்ந்து கிடந்தது. ஆணி செய்த சேதம் அற்பம்; காற்றில்லாமல் நான் ஓட்டிய அந்த அரைக் கிலோமீட்டர்தான் டயரைக் கொன்றிருந்தது. அதன்மேல் மூவரும் போய்த் திரும்பியிருக்கிறோம் என்று எண்ணியபோது உடல் நடுங்கிற்று. புது டயர் வாங்கினேன். ஸ்டெப்னியில் ஒரு பழுதும் இல்லை என்று அவர் சொன்னார். வால்வுக்குள் இருக்கும் ஊசியை மட்டும் மாற்றினார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை.