அரசின் பணம் வேண்டாத வைத்தியர்கள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, இலங்கை முதலிய நாடுகளின் கரைகளை ஆழிப்பேரலை அழித்துச் சென்றது. ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்தது. உலகத்துத் தரும ஸ்தாபனங்கள் கையேந்தி நின்ற அவ்வேளையில், அவற்றுள் ஒன்று, “ஆழிப்பேரலைக்கெனக் கிடைத்த பணம் போதும், இனி அதற்கென அனுப்ப வேண்டாம்” என்று அறிவித்தது. கொடுப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துவது உலக வழக்கமன்று. மற்றைய ஸ்தாபனங்களிற் சில முகஞ்சுளித்தன. மக்களின் இரக்கத்தை இது கெடுத்துவிடும் என்ற பேச்சும் எழுந்தது.

அவ்வாறு அறிவித்தது ‘எல்லைகளற்ற வைத்தியர்கள்’ என்னும் ஸ்தாபனம். பயாஃப்ராப் போரின் பட்டினியை நேரிற் கண்டுவந்த வைத்தியர்கள் சிலரும் பத்திரிகையாளர் சிலரும் கூடி, 1971 டிசம்பரிற் பாரிஸ் நகரில் அதனை அமைத்தார்கள். 1999இல் அதற்குச் சமாதானத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இலங்கைக்கும் அது புதிதன்று. போர்க்காலத்திற் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் அதன் வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள்.

இந்த ஸ்தாபனத்தின் வருமானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 பங்கு தனியார் கொடை. கொடையாளர் 70 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அரசுகளின் பணத்தை ஏன் ஒதுக்கவேண்டும்? அரசு தரும் பணத்துக்கு ஒரு வால் உண்டு. இந்த மாகாணத்துக்குச் செலவிடு, அந்த மாகாணத்தை விடு என்று அது சொல்லும். சொல்லாவிட்டாலும், போர்முனையில் நிற்கும் எதிர்த்தரப்பான் அப்படித்தான் நினைப்பான்.

ஆப்கானிஸ்தானில் எந்த அரசின் பணத்தையும் தொடாமலே இவர்கள் வேலை செய்தார்கள். குண்டூஸ் நகரிலிருந்த அவர்களது ஆஸ்பத்திரியில் அரசாங்கப் படைவீரருக்கும் தலிபான்களுக்கும் ஒரே கூரையின்கீழ்ச் சிகிச்சை நடந்தது. 2015 அக்டோபர் 3ஆம் திகதி அமெரிக்க விமானம் ஒன்று அதனைத் தாக்கியது. 42 பேர் மாண்டனர். சுதந்திரமான சர்வதேச விசாரணை வேண்டுமென்று ஸ்தாபனம் பகிரங்கமாகக் கேட்டது. அந்த விசாரணை நடக்கவில்லை. ஆயினும் கேட்பதற்கு அதன் வாய் கட்டப்பட்டிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு சோதனை வேறு வடிவில் வந்தது. கிரேக்கத் தீவுகளில் வந்திறங்கும் அகதிகளைத் துருக்கிக்குத் திருப்பியனுப்ப, 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் உடன்படிக்கை செய்தது. அகதியை விரட்டுவோரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவனுக்கே மருந்து கட்டுவது பொருந்தாது என்று கண்ட ஸ்தாபனம், ஒன்றியத்திடமிருந்தும் அதன் உறுப்பு நாடுகளிடமிருந்தும் இனி நிதி பெறுவதில்லை என ஜூன் மாதத்தில் அறிவித்தது. முந்திய ஆண்டு அவை தந்த தொகை 5 கோடியே 60 இலட்சம் யூரோ!

இந்த வழி இலேசானதென்று எண்ணிவிடலாகாது. அரசு ஒரு கையொப்பத்தில் தருவதை, சிறு கொடையாளரிடம் கடிதம் கடிதமாக, மாதம் மாதமாகத் திரட்டவேண்டும். அதற்கே பணமும் ஆளும் செலவாகும். அதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. பொதுமக்களின் இரக்கம் பத்திரிகைப் படத்தைப் பின்தொடர்ந்து செல்வது. படம் பிடிப்பார் இல்லாத ஊரில் மடியும் குழந்தைக்கு யாரும் காசோலை எழுதுவதில்லை. அரசின் விருப்பத்திலிருந்து தப்பியவன் செய்தித்தாளின் விருப்பத்துக்கு ஆட்படலாம்.

ஆழிப்பேரலையின்போது நேர்ந்தது அதுவே. சுமார் 11 கோடி யூரோ வந்து குவிந்தது. வைத்தியர்கள் செய்யக்கூடிய வேலைக்கோ அதில் ஒரு பகுதியே போதுமாயிருந்தது. மிகுதியைச் சொல்லாமல் வேறிடத்துக்கு மாற்றியிருக்கலாம். கணக்கிற் கண்டுபிடிப்பார் சிலரே. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கொடுத்தவர்களுக்கு எழுதி, “உங்கள் பணத்தை வேறு அவசரங்களுக்குச் செலவிடலாமா? அன்றித் திருப்பித் தரவா?” என்று கேட்டார்கள். திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலர். எஞ்சிய பணத்திற் பெரும்பகுதி, நைஜர் நாட்டிற் பசியால் வாடிய குழந்தைகளுக்கும், சூடானின் டார்ஃபூர் அகதிகளுக்கும், 2005 அக்டோபரிற் பூகம்பத்தால் வீடிழந்த பாகிஸ்தான் மலைவாசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.