காம்பராவில் கண்மூடிய பாட்டி
(முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே!

91 வயதுவரை நம் லயத்தில் வாழ்ந்த பாட்டியை நினைத்து இன்று கூடியிருக்கிறோம்.

பிள்ளைப்பேறோ இழவோ, எந்த வீட்டிலும் முதல் ஆளாய் நின்றவர் அவர். விடியுமுன் ரொட்டி தட்டினால் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் ஒன்று இருக்கும். மலையில் கூடை நிறையாத புதுப்பிள்ளைக்குத் தன் கொழுந்தில் இரண்டு பிடி போட்டு, அரைப்பேர் விழாமல் காப்பார்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியபோது அவருக்கு 15 வயது. 1964 ஒப்பந்தத்தின் பிறகு, கூடப்பிறந்த அக்காள் ‘ஒப்பாரிக் கோச்சி’யில் போனார், மறுபடி முகம் பார்க்கவில்லை. ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கொரு சம்பளம் என்ற அநியாயம் 1984 போராட்டத்தால் ஒழிந்தது. அந்த நாட்களில் லயத்துக்கே கஞ்சி காய்ச்சியவர் பாட்டி. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே, 70 வயதில், பிரஜாவுரிமை கிடைத்தது.

சம சம்பளம் வந்தது, வாக்கும் வந்தது. ஆனால் அவர் கண்மூடியது அதே பழைய காம்பராவில். காணி உறுதி கடைசிவரை கைக்கு வரவில்லை.

பாட்டிக்கு நாம் பட்ட கடன் அதுதான். சொந்தக் காணி, சொந்த வீடு, உறுதியில் பெண்ணின் பெயரும் வேண்டும். பெறும்வரை ஓயமாட்டோம்.